பதினேழாவது கேள்விக்கு ஒரு மார்க்

4/8 திங்கள்
காற்றே இல்லை. சுபுஹு தொழுது, இட்லி ஊற்றி வைத்துவிட்டு கதிர்காமம் பஸ். எழுத்தர் பரீட்சைக்கான இலவச வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேனே, அதன் முடிவு. ஐம்பதுக்கு நாற்பது வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. அடுத்த முறை கிடையாது.
தப்புகளை நோட்டில் ஏற்றினேன். பதினொன்று.
கே. 4: ஸ்பெல்லிங். என் தப்பு.
கே. 9: அவசரம். என் தப்பு.
இப்படிப் பத்து. ஒத்துக்கொள்கிறேன்.
கே. 17: 'மை மதர் ஒர்க்ஸ் ___.' ஹார்ட் என்று போட்டேன். தாள் திருத்திய இங்கிலீஷ் சார் அதை அடித்து ஹார்ட்லி என்று எழுதியிருக்கிறார். இது என் தப்பு இல்லை.

5/8 செவ்வாய்
மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றிவிட்டது. துணியும் காயவில்லை. இவரிடம் சொன்னேன்.
"எப்படி வேலை செய்றாங்க? கடுமையா. அந்த 'ஆ'வுக்குத்தான் எல்-ஒய். சார் போட்டது கரெக்ட்டுதான் நூரு."
"அப்ப வேகமா ஓடறதுக்கு ஃபாஸ்ட்லியா?"
"உங்கிட்ட யாரு பேசறது!" டிவி பக்கம் திரும்பிவிட்டார்.
அகராதியில் பார்த்தேன். ஹார்ட்லி: அரிதாக, இல்லை என்னும் அளவுக்கு. அப்படியானால் அம்மா வேலையே செய்வதில்லை என்று எழுதினால்தான் ஒரு மார்க். முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்த என் அம்மா! எழுத மாட்டேன். அல்லாஹ் அறிவான்.

6/8 புதன்
அகராதியோடு போனேன். வகுப்பு நிறைய பிள்ளைகள்.
"பதினேழ தப்பா திருத்தியிருக்கீங்க சார்."
"ஏம்மா, இத்தினி வருஷமா இதே ஆன்சர்தான். யாரும் கேட்டதில்ல."
"அதான் நான் கேக்கறேன்."
முன் பெஞ்சில் சிரிப்பு. சார் அகராதியைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "பெல்லுக்கு ஹார்ட்லி ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் பேசலாம்."
"இப்ப சொன்னீங்களே, அதே ஹார்ட்லிதான் சார்! எங்கம்மா ஹார்ட்லி வேலை செஞ்சிருந்தா வூட்ல அடுப்பே எரிஞ்சிருக்காது."
பெல் அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சார் என் தாளை இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் போட்டுடறேன். நாப்பது. வெளிய சொல்லாதீங்க."
நாற்பது. தலையை ஆட்டினால் போதும்.
தாள்மேல் கையை வைத்தேன். "ஹார்ட்டுனு போட்ட எல்லாருக்கும் போடுங்க சார். போர்டுல எழுதுங்க."
சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். எழுதினார். ஓரத்தில், பொடி எழுத்தில்.
"கடைசி பெஞ்சுக்குத் தெரியல சார்" என்றேன்.