உயிரோடிருக்கும் உறவினர் எண்ணிக்கை

மார்ச் 4
கணித மாதிரி இன்று முழுதாக ஓடியது. பிறப்பு, இறப்பு, திருமண விகிதங்களைக் கொடுத்தால், எழுபது வயதில் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை உடன்பிறந்தோர் உயிரோடு இருப்பார்கள் என்று சொல்லிவிடுகிறது. நூற்றுக்கு ஆறு பேர்தான் யாருமற்றவர்கள். எங்கள் ஆய்வு மைய இயக்குநருக்கு வாயெல்லாம் பல். முதியோர் உதவிப் பிரிவு இனி அந்த ஆறு பேர் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பினால் போதுமாம்.

எனக்கு ஏன் இருப்புக் கொள்ளவில்லை?

மார்ச் 6
சரிபார்க்க என் விவரத்தையே கொடுத்தேன். எழுபதில் எனக்குப் பிள்ளைகள் 0, உடன்பிறந்தோர் 1. அந்த ஒன்று அண்ணன். அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று தொடங்கிய சண்டை. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. மாதிரியின்படி நான் உறவுள்ளவள்!

மார்ச் 7
வேலை ஓடவில்லை.

மார்ச் 11
பழைய கணக்கெடுப்பில் ‘உறவு உண்டு’ என்று குறித்திருந்த நாற்பது முதியவர்களுக்கு போன் செய்தேன். தையல் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் மகன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“இருக்கான்மா. உயிரோட இருக்கான். அவ்வளவுதான் தெரியும்.”

பதினேழு பேர் ஏறக்குறைய இதையே சொன்னார்கள்.

மார்ச் 12
இயக்குநரிடம் போனேன். நாம் எண்ணியது உயிரை, வந்துபோவதை அல்ல என்றேன். நாற்பது பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். பிறகு மெதுவாக, “உங்க சொந்தக் கதைய இதுல கலக்கறீங்களோ?”

சுருக்கென்றது. கலக்கிறேனா? — கலக்கறேன்தான். அதுக்காக அந்தம்மா மகன் வந்துடுவானா?

மார்ச் 13
அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 18
அண்ணனுக்கு போன். ஆராய்ச்சிக்காக என்று பொய் சொல்லித்தான் ஆரம்பித்தேன். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று, யாரோ மூன்றாம் மனுஷரைக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அவசரத்துக்கு யாருன்னு எந்த ஃபாரம் கேட்டாலும் உன் பேரத்தான் எழுதறேன்,” என்றான். “நம்பர் அதேதானான்னுகூடத் தெரியாது.”

போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

மார்ச் 19
நானே திரும்பக் கூப்பிட்டேன். சண்டை போட்டோம். ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 9
நான் கையெழுத்துப் போடாததால், ‘நூற்றுக்கு ஆறு’ என்ற கணக்கு அறிக்கையிலிருந்து போனது. என்னையும் மாதிரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நானூறு பேருக்கு போன் செய்து, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்கும் வேலை. பதவியில் ஒரு படி கீழே.

நாளை விடுப்பு. அண்ணனுக்குக் கண்புரை அறுவை. கூட யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை என்று சொல்லிவிட்டானாம். கேட்டிருக்கலாம்.

ஏழரை பஸ்.