தெற்கே போன பருந்து

என் சின்னக்குட்டிக்கு,

ஐப்பசி பிறந்தும் திண்டிவனத்தில் மழை பிடிக்கவில்லை. பருந்துகள் மட்டும் வடக்கிலிருந்து வந்துவிட்டன. சாயங்காலமானால் உன் அப்பா என்னையும் பாறைமேல் ஏற்றிவிடுகிறார். அவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, நான் எழுத வேண்டும். முன்பு நீ செய்த வேலைதான்.

என்னால் முடியவில்லை. மனிதர் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கீழே விழுப்புரத்திலிருந்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் பைனாகுலர் வானத்தை விட்டு ரோட்டுக்கு இறங்குகிறது. யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "யாரையும் இல்ல, லென்ஸ தொடச்சிக்கினு இருக்கேன்" என்கிறார்.

நீ ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து போன் செய்த நாளிலிருந்து அவர் உன் பெயரைச் சொன்னதில்லை. தெற்கே நீ குடியிருக்கும் வளவனூரின் பெயரைக்கூடச் சொல்வதில்லை, 'அந்தப் பக்கம்' என்பார்.

அவருடைய சட்டம் உனக்குத் தெரியும். தெற்கே தாண்டிய பருந்து வடக்கே திரும்பி வந்தால் கணக்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணிவிடுவோம். நீ ஒருமுறை மறந்ததற்கு என்ன கத்து கத்தினார்.

நேற்று, தெற்கே போன பூனைப்பருந்து ஒன்று திரும்பி எங்கள் தலைக்குமேலே வந்தது. நான் கழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழிக்காத. அதான் திரும்பி வந்துடுச்சே."

"கணக்கு தப்பாயிடுமேங்க."

"ஆவட்டும்" என்றார். மறுபடியும் ரோட்டைப் பார்த்தார்.

தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வா. சாயங்கால பஸ்ஸிலேயே வா, காலையில் வந்தால் அவர் பார்க்க முடியாது.

பாறையில் உட்கார்ந்து கால் மரத்துப்போன,
உன் அம்மா