இரண்டு சத்தம், ஒரு குண்டு

என் அம்மாவுக்கு,

ஒரே ஒரு குண்டு இரண்டு சத்தம் எழுப்பும். இது உறுதியாகிவிட்டது. சொன்னவர் ராணுவத்தில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு சார்ஜன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் காதாலும் கேட்டுவிட்டேன். நீ போய்ப் பதினோரு வருடம் கழித்து இதைச் சொல்ல வருகிறேன்.

ஜப்பான்காரன் காலம். உலு திராம் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். நான் உன் வயிற்றில் ஏழு மாதம். யாரும் தாண்டக் கூடாது என்று நட்டிருந்த குச்சிகளைத் தாண்டி, உனக்காக இரண்டு கிழங்கு பிடுங்கப் போனார் அப்பா; பத்தடி தள்ளி மற்றவர்களோடு நீ நின்றிருந்தாய். மேட்டின் மேல் காவல்கூண்டு இருந்தது.

மீதியை நீ சொன்னபடியே எழுதுகிறேன். "மொத வெடி தப்பிருச்சு. அவரு நின்னுக்கிட்டுதான் இருந்தாரு. 'ஏங்க'ன்னு கத்துனேன். சுத்தி நாலு ஆம்பளைங்க திரும்பிப் பார்த்தாங்க. அதுக்குள்ள ரெண்டாவது வெடி. நான் குப்புற விழுந்துட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா குனிஞ்சிருப்பாருடா."

புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. அந்த வழக்கம்தான் அவரைக் கொன்றது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அதற்குப் பிறகு விளக்கேற்றும்போதெல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லி "சின்னையா" என்று உரக்கக் கூப்பிட்டாய். என் மனைவி வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவளைக் கண்டித்தாய்: "ஏங்க, ஏங்கன்னா எவன்னு தெரியும்? பேரச் சொல்லு தாயி." அவள் சந்தையில் மீன்கடைக்கு எதிரே நின்று என் பெயரை முழுதாகக் கூவியது உனக்கு நினைவிருக்கிறதா? மீன்காரர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

மேட்டுக்குப் பின்னால் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள், கேட்டது ஒரு வெடிதான் என்றார்கள். அப்பாவின் உடம்பிலும் ஒரு காயம்தான். நீ கடைசிவரை இரண்டு என்றே வாதாடினாய். நாற்பது வருடம் செய்தி சேகரித்தவன் நான். சொந்த வீட்டில் இருந்த சாட்சியை மட்டும் விசாரிக்காமலேயே விட்டுவிட்டேன். ஏன் அம்மா?

அந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். மேட்டில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அங்கிருந்து நீங்கள் நின்ற இடம்வரை அளந்தேன். நானூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே தூரத்தில் துப்பாக்கி சுடும் களத்தின் குறிப்பலகைகளுக்குக் கீழே, பாதுகாப்புப் பள்ளத்தில் சார்ஜன் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். மறுமுனையில் அவருடைய நண்பர் ரைபிளோடு படுத்திருந்தார்.

தலைக்கு மேல் காய்ந்த மூங்கில் உடைவதுபோல் ஒரு சத்தம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தூரத்தில் யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் இன்னொன்று.

"ரெண்டு தடவை சுட்டாரா?"

"அலமாக், ஒண்ணுதாண்ணே!" என்று சிரித்தார் சார்ஜன். "மொதல்ல கேட்டது குண்டு காத்தக் கிழிச்ச சத்தம். பின்னால வந்ததுதான் துப்பாக்கிச் சத்தம். காத்து தேய்ச்சுத் தேய்ச்சு குண்டோட வேகம் குறையும், கீழயும் இறங்கிக்கிட்டே வரும். ஆனா இந்தத் தூரத்துக்குச் சத்தத்த முந்திரும்லா."

"மேட்டுக்குப் பின்னால இருக்கறவங்களுக்கு?"

"அங்க குண்டு போகலையே. அவங்களுக்கு ஒண்ணுதான் கேக்கும்."

அவர்களும் பொய் சொல்லவில்லை, நீயும் பொய் சொல்லவில்லை.

"ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல ஒரு ஆளு குனிஞ்சா தப்பிக்கலாமா?" என்று கேட்டேன்.

சார்ஜன் சிரிப்பை நிறுத்தினார். "மொத சத்தம் கேக்குறப்பவே குண்டு ஆளத் தாண்டியாச்சுண்ணே. யாரக் காப்பாத்தப் பாக்குறீங்க?"

"எங்க அம்மாவ" என்றேன்.

நீ வாய் திறக்கும் முன்பே அது முடிந்திருந்தது, அம்மா. சின்னையா என்று கூப்பிட்டிருந்தாலும் முடிந்திருக்கும். அன்றைய துப்பாக்கியை நான் பார்த்ததில்லை; காவலுக்கு நின்றவர்களிடம் ரைபிள் இருந்ததாகப் பலரும் சொன்னதை வைத்தே இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதே அந்தப் பள்ளத்தில் உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்திருக்கலாம். உன் காலில் வலு இருந்தது. எனக்குத்தான் நேரமில்லை.

ஒன்று மட்டும் தெரியவில்லை. குண்டு பட்ட பிறகும் அப்பா ஒரு கணம் நின்றார். நீ பத்தடியில் இருந்தாய். உன் "ஏங்க" அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பினாரா? உன் முகம் மண்ணில் இருந்தது. பக்கத்து வரிசையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பொன்னம்மா அத்தை பார்த்திருக்கிறார். நீ அவரிடம் கேட்கவே இல்லையாம். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பாசிர் கூடாங் வீட்டுக்குத் திரும்புகிறார். அன்று மாலை நான் போகிறேன். உன் குரலுக்கு அந்த நாலு பேரோடு அப்பாவும் திரும்பினாரா என்று கேட்பேன். இல்லை என்று சொன்னாலும் ஒரு சொல் மாற்றாமல் உன்னிடம் சொல்வேன்.

அந்த இரண்டு சத்தத்தையும் உன் வயிற்றுக்குள் இருந்து கேட்ட,
உன் மகன்