குதிரைமேல் தொப்பிக்காரன்

ஜூன் 9, 1998. செவ்வாய்

காலையிலேயே வெயில். வேலை பார்க்கும் ஸ்டிக்கர் கடையில் இரண்டு முறை கரண்ட் போனது. கணினியில் வரைந்து சேமிக்காத குதிரையின் பின்னங்காலும் போனது.

மானகிரிப் பக்கம் ஓர் ஊர். அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோய் வைக்கும் புரவி எடுப்புத் திருவிழா. விழா வேனில் ஒட்ட ஸ்டிக்கர். கோயில் மண்குதிரையை நேரில் பார்த்துவந்து கணினியில் கோடு கோடாக வளைக்கிறேன். பிதுங்கிய கண். குட்டைக் கால். பல் தெரியும் வாய். என் பிளாப்பி டிஸ்கில் மட்டும் சேமிப்பு. கடைக் கணினியில் வைத்தால் இடத்தை அடைக்கிறதென்று முதலாளி அந்தோணி அண்ணன் அழித்துவிடுவார்.

எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் கல்யாணப் பத்திரிகைக்கு வாழைமரம் ஒட்டியாயிற்று. இது ஒன்றுதான் என்னுடையது. இதை ஊரே பார்க்க வேண்டும்.

ஜூன் 10

விழாக் குழுத் தலைவர் ராமையா. வெற்றிலை வாய். திரையில் சிவப்புத் துளி.

"என்னப்பா, பன்னி மாதிரி இருக்கு?"

"உங்க கோயில் குதிரைதாங்கய்யா."

"அது மண்ணு. இது கம்ப்யூட்டருல்ல? நல்ல குதிரையாப் போடுங்கப்பா."

அண்ணன் உடனே சிடியைச் செருகினார். வெளிநாட்டுப் படங்கள். வெள்ளைப் பந்தயக் குதிரை, மேலே தொப்பியோடு ஒருவன். அவன்மேல் வெள்ளை வடிவம் ஒன்றை இழுத்து மூடினார். போர்டு எழுதிய காலத்துப் பழக்கம். தப்பென்றால் வெள்ளையடி.

"அண்ணே, மூடினாலும் அடியில ஆளு இருக்கான். ஸ்டிக்கர் வெட்டுற மெஷின் கலர் பாக்காது, கோட்டைத்தான் பாக்கும்."

"கண்ணுக்குத் தெரியுதா? தெரியலைல்ல. பேசாம இரு."

ராமையா: "இதுதான்யா குதிரை!"

 

ஜூன் 12

மெஷின் வெட்டியது. தொப்பி, பூட்ஸ், சாட்டை, எல்லாம் அப்படியே. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி மண்குதிரைதான்.

ராமையா வந்து வெகுநேரம் பார்த்தார்.

"மேல யாருய்யா?"

அண்ணன் அசரவில்லை. "அய்யனாருதாங்க. வெறுங்குதிரைய ஓட்டிவிட்டா நல்லாவா இருக்கும்?"

"தலையில?"

"கிரீடங்க. புது மாடல்."

"மீசையக் காணோம்?"

"தம்பி வச்சுருவாரு."

"அப்பச் சரி. நோட்டீசுக்கும் இதேதான். பிளாப்பில குடுங்க, திருப்பத்தூர்ல அடிச்சுக்கிறோம்."

மீசை வைத்தேன். வலப்பக்கம் மட்டும் வரைந்தால் போதும். நகலெடுத்துத் திருப்பினால் இடப்பக்கம்.

கடையில் காலி பிளாப்பி இல்லை. என்னுடையதை அண்ணன் கை நீட்டிக் கேட்டார். செருகினேன். இடம் போதவில்லை. உள்ளே இருந்த மண்குதிரையைத் தேர்ந்தேன், அழிக்கவா என்று கேட்டது கணினி.

ஆம்.

மீசை நன்றாக வந்திருக்கிறது. அதுதான் அருவருப்பு.