விழுங்கப்பட்ட முதல் ஒலி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

நேற்று ஒரு சின்னக் கூத்து. மருத்துவமனைக்காக நாங்கள் செய்த எச்சரிக்கைக் கருவி, பிளக்கைச் செருகியதும் முதல் அலறலை விழுங்கிவிட்டது. வாங்க வந்த மருத்துவர், “மூச்சு நின்னவங்க காத்திருப்பாங்களா?” என்றார். ஒலிச் சிப்பை எழுப்பும் ‘டிரைவர்’ என்ற மென்பொருள் நான் எழுதியது. நாங்கள் பிளக்கைப் பிடுங்காமலே ரீஸ்டார்ட் செய்து சோதித்ததால், சிப் எப்போதும் விழித்தே இருந்திருக்கிறது; கோளாறு எங்கள் கண்ணில் படவில்லை. இப்போது அது எழும்வரை காத்திருந்து ஒலி அனுப்புமாறு மாற்றிவிட்டேன். சோதிக்க அவரே வந்துகொண்டிருக்கிறார்.

அம்மா, குரல்பதிவு அனுப்பும்போது பட்டனை அழுத்தியவுடன் பேசாதே, கொஞ்சம் பொறு. நீ ‘பட்டு’ என்று கூப்பிடுவது மட்டும் இங்கே வந்து சேர்வதேயில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
பட்டு