தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள்

என்னவருக்கு,

காலையில் எழுந்ததும் நம் மூத்தவனைக் குளிப்பாட்டக் கிணற்றில் தண்ணீர் இறைத்து வைத்தேன். ரப்பர் தோட்டத்தில் ராணுவம் அவனைச் சுட்டது மலேசியாவில், கிளந்தானில் இருக்கும் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. வீட்டைக் கண்காணிக்கிறார்கள், நீங்கள் எல்லை தாண்டி வராதீர்கள்.

இமாம் குடங்களைப் பார்த்துவிட்டார். "பாத்தானி மண்ணுக்காக உசுர விட்டவன்மா. அப்படி உசுரக் குடுத்த ஷஹீதைக் குளிப்பாட்டக் கூடாது, ரத்தத்தோடயே அடக்கணும்."

"டீச்சரம்மாவுக்குச் சர்க்கார் வேலை போயிருமேன்னு பயம்," என்றாள் பக்கத்து வீட்டு ரோஹானி.

சயாம் நம் சுல்தானின் பாத்தானி நாட்டை எடுத்துக்கொண்டு, பள்ளியில் நம் மலாய்ப் பேச்சையும் நிறுத்தியது. சயாமியப் பாடம் நடத்தும் எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் குளிப்பாட்டாமல் அடக்கினால் போராளி வீடு என்று ராணுவம் நம்மை விடாது. வேலிக்கு வெளியே அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் கேமராவோடு நிற்கிறார்கள்.

அதைவிட என்னை நடுங்க வைத்தது நம் சின்னவன் ஹம்திதான். "அண்ணனக் கழுவாதீங்கம்மா. நாளைக்கு எனக்கும் இப்படித்தான் செய்யணும்," என்றான். அவன் முகத்தில் ஆசை இருந்தது.

இமாமிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மூத்தவனைக் குளிப்பாட்டத்தான் போகிறோம். ஹம்திதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் காயங்களை அவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் பிள்ளைகளின் தாய்