கள்ளத் துண்டுக்கும் அரிசி

அண்ணை,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று இன்னும் விரல் விட்டுத்தான் பார்க்கிறேன். எழுபது வயதுக்குப் பிறகு மகள் படிப்பித்த எழுத்து. பேனையைப் பிடித்தாலே சந்தோசத்தில் சிரிப்பு வரும். இன்றைக்கு மட்டும் கோபம்.

நேற்று ஒஸ்லோவில் பழைய சாமான் சந்தை ஒன்றில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கடதாசியைக் கண்டேன். பிரான்ஸ் நாட்டுக் காசாம். அங்கே புரட்சி நடந்த கையோடு சில்லறையை எல்லோரும் பதுக்கிவிட, ஊர்ச்சபைகளும் வியாபாரிகளும் தாங்களே கடதாசி அடித்துக் காசாகக் கொடுத்தார்களாம். கள்ளக் கடதாசி பெருகி, கொஞ்சக் காலத்திலேயே எல்லாம் செல்லாமல் போயிற்றாம். விற்கிறவரிடம் கேட்டு மகள் சொன்னாள். எனக்கு இதே ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் பக்கம் நீங்கள் வைத்திருந்த பலசரக்குக் கடைதான் கண்ணுக்குள் வந்தது.

சில்லறை மாற்றுவதற்கும் வங்கியில் காசு கேட்கிறார்கள் என்று, நீங்கள் மஞ்சள் அட்டையை வெட்டிக் கையெழுத்து வைத்து, மிச்சக் காசுக்குப் பதிலாகக் கொடுத்தீர்கள். அந்தத் துண்டை முடிவெட்டுகிறவர் வாங்கினார். வடை சுட்டு விற்கிற அக்காவும் வாங்கினார். உங்கள் கடையில் மூட்டை தூக்கிய, அப்போது எழுத்தறியாத நானும் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். பிறகு எவனோ அதைக் கலர் மெசினில் கள்ளமாக அடித்தான்.

ஒருத்தி ஒரு பிடி துண்டைக் கொண்டுவந்து அரிசி கேட்ட நாள் நினைவிருக்கிறதா?

“அண்ணை, இது கள்ளத் துண்டு. அட்டையே இல்லை, வெறும் பேப்பர்.”

“தெரியுமடா. கொண்டு வந்தவளோ இதை அடிச்சவள்?”

“அதுக்கு அரிசியைத் தூக்கிக் குடுக்கிறதே?”

“நான் மாட்டனெண்டா, நாளைக்கு என்ரை நல்ல துண்டையும் ஒருத்தரும் தொடாயினம். கதையாமல் பையைத் தூக்கு.”

தூக்கினேன். உங்கள் மீதும் கோபம்தான், அண்ணை. கள்ளத் துண்டுக்கெல்லாம் சாமான் கொடுத்தே, அந்த வருசம் பனி விழுமுன்பே கடை பூட்டியாயிற்று. பூட்டிய பிறகும், வீட்டு வாசலுக்குத் துண்டோடு வந்தவர்களுக்கு உங்கள் கைக்காசைக் கொடுத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் செத்தவீட்டில், அந்த அரிசியைத் தின்ற ஒருவர் என் காதுபடச் சொன்னார்: “கடதாசியைக் காட்டி எங்களை ஏய்ச்ச மனுசன்.” பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை நெஞ்சில் கிடந்து எரிகிறது.

வருகிற ஞாயிறு உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம். எல்லோரும் மண்டபத்துக்குச் சாப்பிட வருவார்கள். சோறு போடுமுன் எழும்பி இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறேன்.

“அப்பா, நான் வாசிக்கிறன், கெதியா முடியும்” என்றாள் மகள்.

வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி நானேதான் வாசிப்பேன். சோறு ஆறட்டும். எழும்பிப் போனது யார், கடைசிவரை இருந்து கேட்டது யார் என்று அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுகிறேன்.